ரிப்போட் எல்லாம் சரி, வயிறு மட்டும் சரியில்லை

ஸ்கான், எண்டோஸ்கோப்பி, இரத்தப் பரிசோதனை எதிலும் ஒன்றும் இல்லை. ஆனால் காலையில் பிட்டை வாயில் வைத்ததும் வயிறு முறுக்கும். கொழும்பு பஸ்ஸில் ஏறவே பயம். யாழ்ப்பாணத்தில் இதற்கு எல்லாரிடமும் ஒரு பதில் இருக்கும்: "காஸ்தான், உள்ளி அவிச்சுக் குடி." குடித்தேன். உள்ளி மணந்ததுதான் மிச்சம்.

பிறகு பார்த்த டொக்டர், இரத்தம் போகுதா, மெலிந்தீர்களா, இரவில் நோவால் எழும்புகிறீர்களா என்று விசாரித்தார். இல்லை. "சரி தம்பி, வீட்டில் என்ன பிரச்சினை?" அம்மாவின் வருத்தம், கடன், அண்ணையோடு காணிச் சண்டை... சொல்லச் சொல்லவே வயிறு இரைந்தது.

"இது ஐபிஎஸ் (IBS), எரிச்சல் குடல் நோய். உங்கள் நோ பொய்யில்லை. மூளையும் குடலும் வேகஸ் நரம்பு வழியாகத் தொடர்பில்தான் இருக்கும். மனம் பதறினால் குடலின் அசைவு மாறும், சாதாரண வாயுகூட நோவாகத் தெரியும்" என்றார்.

சாப்பிடமுன் வயிறு உப்ப மெதுவான மூச்சு, தேத்தண்ணிக் குறைப்பு, இரவில் சிறிய அளவில் அமிட்ரிப்டிலின். மனச்சோர்வுக் குளிசைதான், குடல் நரம்பின் கூச்சத்தைத் தணிக்கவும் கொடுப்பார்களாம். விசர் மருந்தோ என்று மனைவி முழித்தாள். காணிக் கதையை அண்ணையோடு பேசி முடித்ததில்தான் பாதி நோ போனது என்பது என் எண்ணம். உறைப்புக் கறி இன்னும் ஒத்துவராது. குளிசையை டொக்டர் மெல்ல மெல்லக் குறைத்து வருகிறார்.