காட்டுநாயக்கன் பழங்குடிக் குடும்பத்தோடு சாதிச் சான்றிதழுக்கு நிற்கும்போது

பழங்குடிச் சான்று தருபவர் தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர். இ-சேவையில் விண்ணப்பிக்கும்போது அப்பா, பெரியப்பா, அத்தை என இரத்த உறவில் யாரிடம் பழைய சான்று இருந்தாலும் நகலை இணையுங்கள். பள்ளிச் சான்றில் சாதி வேறாக எழுதியிருந்தால் மறைக்காமல் விளக்கக் கடிதம் வையுங்கள். பெரும்பாலும் அங்கேதான் சிக்கும்.

இழுத்தடித்தால், திங்கட்கிழமை மதுரை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் மனு. ஊரே கையெழுத்திட்ட ஒற்றை மனு போட்டோவுக்கு அழகு, ஆனால் பதிலும் ஒன்றுதான் வரும். குடும்பத்துக்கு ஒன்றாகக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்குங்கள். பேசுவது அந்தக் குடும்பமே. நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும்.

பிறகும் அசையாவிட்டால் 10 ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு: விண்ணப்பம் எந்தத் தேதியிலிருந்து யாரிடம் கிடக்கிறது? 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். வாய்மொழி மறுப்பை ஏற்காதீர்கள். காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள், மேல்முறையீட்டுக்கு அந்தத் தாள்தான் வேண்டும்.