டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையில் பனிக்காலப் பயணம்: முதன்முறை செல்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

கனடாவின் யூக்கான் பிரதேசத்தில், டாசன் நகரத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில், குளோண்டைக் நெடுஞ்சாலையிலிருந்து ஒரு சரளைச் சாலை வடக்கு நோக்கிப் பிரிகிறது. அதுவே டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை. அந்தச் சந்திப்பிலிருந்து வடமேற்குப் பிரதேசங்களில் உள்ள இனுவிக் வரை ஏறத்தாழ 740 கி.மீ. உள்ளது. 2017 நவம்பரில் புதிய சாலை திறக்கப்பட்டதால், அங்கிருந்து மேலும் 138 கி.மீ. ஓட்டி ஆர்க்டிக் பெருங்கடலின் கரையில் உள்ள டுக்டோயாக்டுக் வரையும் இப்போது வண்டியிலேயே சென்றுவிடலாம்.

டொரன்டோவிலோ கால்கரியிலோ இரண்டு மூன்று பனிக்காலங்கள் வண்டி ஓட்டிப் பழகிய, ஆனால் வடக்கே ஒருமுறையும் போகாத ஒருவரை மனத்தில் வைத்து இந்த விளக்கத்தை எழுதுகிறேன். அவருக்குப் பனியில் ஓட்டத் தெரியும். வண்டி நின்றுவிட்டால் ஒரு மணி நேரத்தில் இழுவை வண்டி வந்துவிடும் என்ற நம்பிக்கையும் அவருக்கு உண்டு. இங்கே முதலில் விட்டொழிக்க வேண்டியது அந்த நம்பிக்கையைத்தான். கீழே சொல்லும் ஏற்பாடுகள் எல்லாம் இரண்டு கேள்விகளுக்குள் அடங்கும்: வண்டி நிற்காமல் இருக்க என்ன செய்வது, நின்றுவிட்டால் வண்டிக்குள்ளேயே இரண்டு நாள் உயிரோடு இருக்க என்ன வேண்டும்.

முதல் படி: நாள் குறித்தல்

இந்தச் சாலை பீல், மெக்கன்சி ஆகிய இரண்டு ஆறுகளைக் கடக்கிறது. இரண்டிலும் பாலம் கிடையாது. கோடையில் படகில் ஏற்றிக் கடத்துவார்கள். குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேலேயே பனிப்பாலம் அமைப்பார்கள். இடைப்பட்ட காலத்தில், அதாவது ஆறு உறையத் தொடங்கும்போதும் வசந்தத்தில் உடையும்போதும், சில வாரங்களுக்கு இரண்டுமே இருக்காது. பனிப்பாலங்கள் பெரும்பாலும் டிசம்பரில் திறந்து ஏப்ரல் இறுதிவாக்கில் மூடப்படும் என்றாலும், ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறும் என்பதால் அரசின் சாலை அறிவிப்பைப் பார்க்காமல் விடுதிக்கு முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

டிசம்பர் மாதத்தில் டாசனில் நாளுக்கு நான்கைந்து மணி நேரம் மட்டுமே சூரியன் தெரியும். இனுவிக்கிலோ டிசம்பர் முதல் வாரத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மாதம் சூரியன் உதிப்பதே இல்லை. புதியவர்களுக்கு நான் சொல்லும் காலம் மார்ச் மாதம். அப்போது பகல் பதினொன்று பன்னிரண்டு மணி நேரமாக நீண்டிருக்கும், ஆற்றுப் பனியும் உறுதியாக இருக்கும், இரவில் வடதுருவ ஒளியும் தெரியும். குளிர் அப்போதும் சாதாரணமானதல்ல. மைனஸ் 30 பாகை செல்சியஸுக்கு ஆயத்தமாகவே போக வேண்டும். யூக்கானின் ஸ்னாக் என்ற இடத்தில் 1947 பிப்ரவரி 3 அன்று மைனஸ் 63 பாகை பதிவானது என்பதை நினைவில் கொண்டால் மைனஸ் 40 என்பது இப்பகுதிக்கு அரிய செய்தி அல்ல என்பது புரியும்.

குறித்த நாட்களோடு, போவதற்கு இரண்டு, வருவதற்கு இரண்டு என நான்கு நாட்களைச் சும்மா சேர்த்து வையுங்கள். ஈகிள் பிளெயின்ஸ் என்ற இடத்துக்கு வடக்கே, ரிச்சர்ட்சன் மலைகளின் அடிவாரத்தில், காற்று பனியை வாரி அடித்துச் சாலையையே மறைத்துவிடும். அப்போது சாலைத் துறையினர் தடுப்புக் கதவை மூடிவிடுவார்கள். அது சில மணி நேரத்தில் திறக்கலாம், மூன்றாம் நாளும் திறக்காமல் இருக்கலாம். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பியே ஆக வேண்டும் என்ற அவசரத்தோடு அந்தக் கதவின் முன் நிற்பவர், திறந்த மறுகணமே தவறான வேகத்தில் ஓட்டத் தொடங்குவார்.

சாலையின் பெயருக்குப் பின்னால் உள்ள வரலாறும் இதையேதான் சொல்கிறது. 1910 டிசம்பரில், இந்தச் சாலை வழியில் இனுவிக்குக்கு முன்னால் வரும் ஃபோர்ட் மெக்பெர்சன் என்ற ஊரிலிருந்து டாசனுக்கு நாய் வண்டிகளில் புறப்பட்ட ஃபிட்ஸ்ஜெரால்ட் தலைமையிலான நான்கு பேர் கொண்ட காவல் குழு, விரைவாகப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக உணவைக் குறைத்து எடுத்துச் சென்றது. வழியில் சந்தித்த குவிச்சின் இன வழிகாட்டியையும் சில நாட்களில் திருப்பி அனுப்பிவிட்டது. பின்னர் வழி தவறி, நாட்கள் வீணாகி, நாய்களையே தின்று திரும்பிய அவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. கடைசி இருவர் புறப்பட்ட இடத்துக்கு ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் இறந்து கிடந்தார்கள். 1911 மார்ச்சில் அவர்களைத் தேடிக் கண்டுபிடித்த காவலரின் பெயர்தான் டெம்ப்ஸ்டர்.

இரண்டாம் படி: வண்டியைக் குளிருக்குப் பழக்குதல்

வாடகை வண்டியில் போவதாக இருந்தால் ஒப்பந்தத்தை வரி விடாமல் படியுங்கள். பல நிறுவனங்கள் இந்தச் சாலையில் ஓட்டுவதைத் தடை செய்கின்றன, மீறினால் காப்பீடு செல்லாது. சொந்த வண்டியானால் புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பே மெக்கானிக்கிடம் கொடுத்துக் கீழ்க்கண்டவற்றைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

முதலாவது என்ஜின் சூடேற்றி, அதாவது பிளாக் ஹீட்டர். வடக்கே வண்டிகளின் முன்புறத்தில் ஒரு மின்சார வயர் தொங்குவதைக் காணலாம். இரவில் அதைச் சுவரில் உள்ள பிளக்கில் செருகினால் என்ஜினுக்குள் ஓடும் குளிர்விப்புத் திரவமான கூலண்ட் சூடாக இருக்கும், காலையில் வண்டி முக்காமல் கிளம்பும். தெற்கே வாங்கிய வண்டிகள் பலவற்றில் இது இருக்காது. இதை வண்டியில் பொருத்தும்போதே பேட்டரிக்கு ஒரு வெப்பப் போர்வையும் போட்டுவிடுங்கள். குளிரைத் தாங்கும் தடித்த வெளிப்புற எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றும் வேண்டும். சாதாரண வயர் மைனஸ் 35-இல் குச்சி போல விறைத்து முறிந்துவிடும்.

அடுத்து பேட்டரி. மைனஸ் 18 பாகையிலேயே சாதாரண ஈய பேட்டரியின் திறன் ஏறத்தாழ பாதியாகிவிடும். அதே நேரத்தில் ஆயில் கெட்டிப்படுவதால் என்ஜினைச் சுழற்றக் கூடுதல் ஆற்றல் தேவைப்படும். மூன்று ஆண்டுகளுக்கு மேல் பழையதாக இருந்தால் சோதனை எல்லாம் வேண்டாம், மாற்றிவிடுவதே மலிவு. சார்ஜ் இறங்கிய பேட்டரி உறைந்து வெடிப்பு விடவும் கூடும்; முழு சார்ஜில் உள்ளது உறையாது.

கூலண்டில்தான் புதியவர்கள் பெரும்பாலும் தவறு செய்கிறார்கள். கூலண்ட் உறையாமல் இருக்க அதில் சேர்க்கும் கிளைக்கால் என்ற திரவம் கலக்காமல் இருந்தால் அதிகக் குளிர் தாங்கும் என்று எண்ணித் தண்ணீரே இல்லாமல் ஊற்றுபவர்கள் உண்டு. உண்மையில் கலக்காத எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13 பாகை அளவிலேயே உறையத் தொடங்கும். சரிபாதி கலவை மைனஸ் 37 வரை தாங்கும். அறுபது பங்கு கிளைக்காலும் நாற்பது பங்கு தண்ணீரும் சேர்ந்த கலவை மைனஸ் 50 வரை தாங்கும். இந்தப் பயணத்துக்கு வேண்டியது அந்த அறுபது–நாற்பது கலவை. என்ஜின் ஆயில், வண்டியின் கையேடு அனுமதிக்குமானால், 0 டபிள்யூ என்று தொடங்கும் செயற்கை ஆயிலாக இருக்கட்டும். கண்ணாடி கழுவும் நீர் மைனஸ் 40-க்கு உரியதுதானா என்று போத்தலில் பார்த்து வாங்குங்கள். ஏற்கெனவே தொட்டியில் உள்ள கோடைக்கால நீரை முழுதும் பீய்ச்சித் தீர்த்த பிறகே இதை ஊற்ற வேண்டும்.

ஹேண்ட்பிரேக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை. முதல் பயணத்தில் டாசனில் இரவு பழக்கதோஷத்தால் அதை இழுத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் பின்சக்கரங்கள் இரண்டும் உறைந்து பிடித்துக்கொண்டதால், அவற்றை விடுவிக்க அரை நாள் ஆயிற்று. சமதரையில் கியரில் நிறுத்தினாலே போதும்.

மூன்றாம் படி: டயர்கள்

மலையும் பனித்துகளும் சேர்ந்த சின்னம் பொறித்த உண்மையான பனிக்கால டயர்களையே போடுங்கள். எல்லாப் பருவத்துக்கும் உரியதென விற்கப்படும் டயரின் ரப்பர் 7 பாகைக்குக் கீழே இறுகத் தொடங்கும். மைனஸ் 30-இல் அது பிளாஸ்டிக் போலத்தான். ஆணி பதித்த டயர் பனிப்பாலங்களில் நல்ல பிடிப்புத் தரும்.

காற்றழுத்தத்தை எங்கே பார்க்கிறீர்கள் என்பது முக்கியம். வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை இறங்கும்போதெல்லாம் டயர் அழுத்தத்தில் ஒரு பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) குறையும். 20 பாகையில் உள்ள கராஜில் 35 பி.எஸ்.ஐ. அடித்துவிட்டு மைனஸ் 35-க்கு வெளியே வந்தால் 26-ஐ ஒட்டித்தான் நிற்கும். ஆகவே வெளியே ஓர் இரவு நிறுத்திய பின் அளந்து நிரப்புங்கள். அதற்கு வண்டியின் 12 வோல்ட்டில் ஓடும் சிறிய பம்ப் ஒன்றைக் கையோடு வைத்திருங்கள்.

ஸ்டெப்னி முழு அளவுடையதாக இருக்க வேண்டும். பல வண்டிகளில் தரப்படும் மெலிந்த தற்காலிகச் சக்கரத்தை நம்பி 300 கி.மீ. ஓட்ட முடியாது. குளிர்காலத்தில் பனி படிந்து சரளை மூடப்படுவதால் கோடையைவிடப் பஞ்சர் குறைவு என்பது உண்மைதான். ஆனாலும் வீட்டு வாசலில், கையுறை போட்டபடியே, ஜாக்கி வைத்து ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள்.

நான்காம் படி: எரிபொருள் கணக்கு

டாசனை விட்டால் உறுதியாக நம்பத்தக்க முதல் பெட்ரோல், சந்திப்பிலிருந்து 369-ஆம் கிலோமீட்டரில் உள்ள ஈகிள் பிளெயின்ஸ் விடுதியில்தான். டாசனிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ 410 கி.மீ. அதற்கடுத்தது இன்னும் 180 கி.மீ. தாண்டி ஃபோர்ட் மெக்பெர்சன். கடுங்குளிரில் வண்டி கோடையைவிட அதிகம் குடிக்கும் என்பதால், கோடையில் 100 கி.மீ.க்கு 11 லிட்டர் எடுக்கும் வண்டிக்கு 15 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கட்டத்துக்கே 61 லிட்டர் தேவை. பாதி வழியில் திரும்ப நேர்ந்தாலோ, இரவு முழுதும் நின்றபடி என்ஜினை ஓட்ட நேர்ந்தாலோ அது போதாது. ஆகவே 20 லிட்டர் கேன் இரண்டு கூடுதலாக எடுங்கள். அவற்றை ஆட்கள் இருக்கும் அறைக்குள் வைக்காமல் கூரைச் சட்டத்திலோ பிக்கப் வண்டியின் பின்தட்டிலோ கட்டுங்கள். பெட்ரோல் ஊற்றும்போது கையில் ஒரு துளியும் படக் கூடாது. உறையாமலே மைனஸ் 40 வரை குளிர்ந்திருக்கும் அந்தத் திரவம் பட்ட இடத்தில் தோல் நொடியில் உறைந்துவிடும். டீசல் வண்டி உள்ளவர்கள் வடக்கே விற்கப்படும் குளிர்கால டீசலை நிரப்பிய பிறகே புறப்பட வேண்டும். தெற்கத்திய டீசல் கூழாகி வடிகட்டியை அடைத்துவிடும்.

ஐந்தாம் படி: உடை, உணவு, வண்டிக்குள் வாழும் பொருட்கள்

உடலோடு ஒட்டும் அடுக்கு கம்பளியாகவோ செயற்கை இழையாகவோ இருக்கட்டும். பருத்தி வேண்டாம், வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு பின்னர் உடலின் சூட்டை எல்லாம் இழுத்துவிடும். கைகளுக்கு மெல்லிய கையுறையும், அதன்மேல் நான்கு விரல்களும் ஒரே பைக்குள் கிடக்கும் மிட்டனும் அணியுங்கள். காலணி, இரண்டு காலுறை போட்ட பிறகும் விரல்கள் அசையும் அளவுக்குத் தளர்வாக இருந்தால்தான் இரத்தம் ஓடும்.

மைனஸ் 40-க்கு உரிய தூக்கப்பை, ஆளுக்கு ஒன்று, எந்தக் காரணத்துக்காகவும் விடக்கூடாதது. அதைப் பெட்டிகளுக்கு அடியில் டிக்கியில் புதைக்காமல் பின்னிருக்கையில், கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். மண்வாரி, இழுவைப் பட்டை, தலையில் மாட்டும் விளக்கு, தகர டப்பாவில் நட்ட கனத்த மெழுகுவத்திகள், தீப்பெட்டி, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஆகியவையும் வேண்டும். பேட்டரி இறங்கிய வண்டியைக் கிளப்ப உதவும் லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர்கள் இரவில் அதை அறைக்குள் எடுத்துச் செல்லுங்கள். குளிர்ந்துபோனால் அது வெறும் செங்கல்.

உணவில் தண்ணீர் குறைவாகவும் கொழுப்பு மிகுதியாகவும் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். வறுத்த முந்திரி, நிலக்கடலை, பொரிவிளங்காய் உருண்டை, நெய் ஊற்றிப் பிடித்த பயத்தமாவு உருண்டை போன்றவை இந்தப் பயணத்துக்கென்றே செய்தவை போல உதவும். ஆரஞ்சும் பிரெட் சாண்ட்விச்சும் கல்லாகிவிடும். தண்ணீரை ஃபிளாஸ்க்கில் சூடாக எடுத்துச் செல்லுங்கள். உருக்கிக் குடிக்கச் சிறிய அடுப்பும் பாத்திரமும் இருந்தால் சுற்றிலும் உள்ள பனி அத்தனையும் தண்ணீர்தான். அடுப்பை மட்டும் வண்டிக்கு வெளியே வைத்து எரியுங்கள்.

ஆறாம் படி: தொடர்பு

டாசனை அடுத்த பகுதியைத் தாண்டிய பின் நெடுந்தூரத்துக்குக் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது. செயற்கைக்கோள் வழியே குறுஞ்செய்தியும் ஆபத்து அழைப்பும் அனுப்பும் கருவியை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ, புறப்படும் முன் ஒருமுறை செய்தி அனுப்பிச் சோதித்துவிடுங்கள். வீட்டில் ஒருவரிடம் எந்த நேரத்துக்குள் ஈகிள் பிளெயின்ஸ் சேர்வீர்கள், அதற்கு எத்தனை மணி நேரம் பிந்தினால் அவர் யாரை அழைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். சாலையோரக் கிலோமீட்டர்க் கற்களைக் கவனித்துக்கொண்டே போங்கள். 465-ஆம் கிலோமீட்டரில் பிரதேச எல்லையைக் கடந்ததும் எண் மீண்டும் சுழியிலிருந்து தொடங்கும் என்பதால், உதவி கேட்கும்போது எந்தப் பிரதேசத்தின் கல் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஏழாம் படி: சாலையில்

புறப்படும் காலையில் யூக்கான் அரசின் சாலை நிலவரச் சேவையான யூக்கான் 511 அறிவிப்பையும் வடமேற்குப் பிரதேசங்களின் சாலை அறிவிப்பையும் பாருங்கள். முதல் நாள் ஈகிள் பிளெயின்ஸோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 405-ஆம் கிலோமீட்டரில் ஆர்க்டிக் வட்டத்தைக் கடந்து, காற்று மிகுந்த அந்த வெளியையும் எல்லைக் கணவாயையும் மறுநாள் பகல் வெளிச்சத்தில் ஓட்டலாம்.

பனி சாலையின் விளிம்பையும் பள்ளத்தையும் ஒரே மட்டமாக்கிவிடும். விளிம்பு இங்கேதான் என்று கண் சொல்வதை நம்பாமல் நடுவே ஓட்டுங்கள். எதிரே லாரி வந்தால் வேகத்தை நன்றாகக் குறைத்து வழிவிடுங்கள், அது கிளப்பும் பனித்தூள் அடங்கிய பிறகே வேகம் எடுங்கள். போர்க்குபைன் என்று பெயர்பெற்ற மந்தையின் கரிபூ மான்கள் சாலையைக் கடந்தால் வண்டியை நிறுத்தி, கடைசி மான் போகும்வரை காத்திருங்கள். பனிப்பாலத்தில் எழுதியுள்ள வேகத்தை மீறாதீர்கள். நகரும் எடை பனிக்கு அடியில் உள்ள நீரில் அலை எழுப்பும், வேகம் கூடினால் அந்த அலையே பனியைப் பிளக்கக்கூடும்.

வண்டி நின்றுவிட்டால் அதை விட்டு நடக்காதீர்கள். முதலில் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை வாரி அகற்றுங்கள். அது அடைபட்டிருக்கும்போது என்ஜினை ஓட்டினால் நச்சுவாயு உள்ளே நிறையும். பிறகு மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் என்ஜினை ஓட்டி, காற்று வீசாத பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி வையுங்கள். விரலோ மூக்கோ வெளுத்து உணர்வற்றுப் போனால் பனியால் தேய்க்க வேண்டாம். அக்குளிலோ மற்றொருவரின் வெறும் வயிற்றிலோ வைத்துச் சூடேற்றுங்கள்.

இனுவிக் வந்து சேர்ந்த இரவே, அறைக்குப் போகும் முன், டேங்கையும் கேன்களையும் நிரப்பி, ஹீட்டர் வயரைச் செருகிவிடுங்கள். காலையில் அதைக் கழற்ற மறந்து, சுவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கிளம்புபவர்கள் அங்கே உண்டு என்பதால், சாவிக்கொத்தை அந்த வயரிலேயே கட்டிவைக்கும் பழக்கம் எனக்கு இப்போது வந்துவிட்டது.