கூரைக்குள் அணில் குடியேறாமல் தடுப்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் கொல்லையில் ஒரு ரம்புத்தான், தெருமுனையில் நாலு தென்னை, அதைத் தாண்டினால் செம்பனை. அணிலுக்குத் தீனி எப்போதும் உண்டு. மழை படாத மூலை ஒன்றுதான் அதற்குத் தேவை. அது நம் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே கிடைத்துவிடுகிறது. பொறி வைத்து ஒன்றைப் பிடித்தாலும் அதே ஓட்டை வழியாக இன்னொன்று வரும். எனவே வழியை அடைப்பதுதான் வேலை. அதற்கும் ஒரு வரிசை உண்டு, பொறுமையாகச் செய்யுங்கள்.

முதலில், வந்திருப்பது அணில்தானா என்று பாருங்கள். இராமர் தடவிக்கொடுத்த முதுகுக் கோடுகள் நம் ஊர் அணிலுக்கு இல்லை. வயிறு செம்பழுப்பு, விலாவில் ஒரு வெளிர் கோடும் ஒரு கறுப்புக் கோடும் ஓடும். இது பகலில் நடமாடுவது. காலையிலும் மாலையிலும் பிறாண்டும் சத்தம் கேட்டால் அணில். நடுநிசியில் கேட்டால் பெரும்பாலும் எலி அல்லது மரநாய்; அதற்கு வேறு வைத்தியம்.

இரண்டாவது, வழியைக் கண்டுபிடியுங்கள். பகலில் ஒருவர் சீலிங்குக்குள் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால், வெளிச்சம் கசியும் இடங்கள் தெரியும். வெளியே கூரை விளிம்புப் பலகையையும் தகரத்தின் வளைவுகளுக்குக் கீழுள்ள சந்துகளையும் உற்றுப் பாருங்கள். அணில் கடித்த மரத்தில் பற்கள் இரண்டிரண்டாகக் கீறிய தடம் இருக்கும். புதிதாகக் கடித்த இடம் வெளுத்துத் தெரியும். பழகிய வழியின் விளிம்போ உடம்பு உரசி உரசி எண்ணெய்ப் பிசுக்குடன் கறுத்திருக்கும். இரண்டு விரல் நுழையும் சந்து எதையும் விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது, பாலத்தை உடையுங்கள். கூரையிலிருந்து 2 முதல் 3 மீட்டர் வரை கிளைகளைக் கழித்துவிடுங்கள். மின்கம்பியை ஒட்டிய கிளையில் கை வைக்க வேண்டாம். மின்சார நிறுவனமான தெனாகா நேஷனலிடம் சொல்லுங்கள்.

நான்காவது படியில்தான் அவசரப்படக் கூடாது. நம் நாட்டில் அணில் ஆண்டு முழுவதும் குட்டி போடும். உள்ளே மெல்லிய கீச்சுக் குரல் கேட்டால், குட்டிகள் தாயோடு வெளியேறும்வரை சில வாரம் பொறுங்கள். தாயை வெளியே வைத்து அடைத்தால் குட்டிகள் பட்டினியில் சாகும். தாயோ உள்ளே நுழையப் பலகையையே கடித்துத் திறக்கும். விஷமும் வேண்டாம்: அது கொடுமை, சீலிங்குக்குள் செத்தால் நாற்றமும் தாங்காது. பொறி வைக்க நினைப்பவர்கள் முதலில் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானைக் கேளுங்கள். 2010 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது.

காலி என்று எப்படித் தெரியும்? ஓட்டையில் செய்தித்தாளைக் கசக்கித் தளர்வாகச் செருகுங்கள். மழையில்லாத இரண்டு மூன்று நாள் அது அசையாமல் இருந்தால் உள்ளே யாரும் இல்லை. கலைந்திருந்தால் மறுபடி காத்திருங்கள்.

பிறகு அடைப்பு. ஸ்பிரே நுரை, பிளாஸ்டிக், மெல்லிய மரம் எதுவும் நிற்காது. அணிலின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்வதால் அது கடித்துக்கொண்டே இருக்கும். ஹார்ட்வேர் கடையில் துத்தநாகம் பூசிய, 12 மில்லிமீட்டருக்கு மேல் கண் இல்லாத கம்பிவலை வாங்கி, ஓட்டையைவிட ஒரு சாண் அகலமாக வெட்டி, மரச்சட்டத்தில் திருகாணியும் வாஷரும் போட்டு இறுக்குங்கள். பழைய வீடுகளின் சீலிங் கல்நார்த் தகடாக இருக்கலாம். அதில் துளை போடாதீர்கள், அந்தத் தூசு நுரையீரலைக் கெடுக்கும்.

உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிவிடுங்கள். கடைசியாக, பதிவு பெற்ற வயர்மேனை அழைத்து சீலிங்குக்குள் ஓடும் மின்கம்பிகளைக் காட்டுங்கள். அணில் உறையைக் கடித்துச் செம்பு தெரியும் ஒரே இடம் போதும், தீப்பிடிக்க. அந்தச் செலவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.