நிலவின் கருமணலில் தண்ணீர் எடுப்பது எப்படி?

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை மயில்துத்தத்தில் (காப்பர் சல்பேட்) தொடங்குவேன். சோதனைக் குழாயில் கொஞ்சம் போட்டுச் சூடாக்கினால் நீலம் வெளுத்து, குழாயின் வாயருகே நீர்த்துளி கட்டும். வாய்ப்பக்கம் சற்றுக் கீழே சாய்ந்திருக்க வேண்டும். முதல் தடவை நான் நிமிர்த்திப் பிடித்துவிட்டேன்; துளி திரும்பி ஓடிச் சூடான அடியைத் தொட்டதும் குழாய் பட்டென்று விரிசல் விட்டது.

நிலவின் பாசால்ட், அதாவது எரிமலைக் குழம்பு உறைந்த பாறை, இப்படித் தண்ணீரைக் கட்டி வைத்திருக்காது. அதில் இருப்பது ஆக்சிஜன். ஹைட்ரஜனைக் கொடுத்து நாம்தான் தண்ணீராக்க வேண்டும்.

அதற்கு ஏற்ற கனிமம் இல்மனைட்: இரும்பு, டைட்டானியம், ஆக்சிஜன் சேர்ந்தது. அப்பல்லோ 11, 17 வீரர்கள் கொண்டுவந்த பாறைகளில் நிறையவே உண்டு. எங்கள் மணவாளக்குறிச்சிக் கடற்கரை கறுத்துக் கிடப்பதும் இதனால்தான். ஈரமான உள்ளங்கையில் ஒரு சிட்டிகை ஒட்டிப் பாருங்கள், வெயிலில் மை போல மினுங்கும்.

சரி, மண்ணைச் சலித்து, வலுவான காந்தத்தால் இல்மனைட்டைப் பிரித்து, மூடிய உலையில் போடுங்கள். 900 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி ஹைட்ரஜனைச் செலுத்துங்கள். இரும்போடு இருந்த ஆக்சிஜனை அது பறித்துக்கொண்டு நீராவியாகும்.

இங்கேதான் கவனம் வேண்டும். நீராவி உலைக்குள்ளேயே தங்கினால் வினை பாதியில் நின்றுவிடும். வாயுவை ஓடவிட்டுக்கொண்டே இருங்கள். வெளியே குளிர்ந்த குழாயில் நீராவியைப் பிடித்துவிட்டு, மிஞ்சிய ஹைட்ரஜனைத் திரும்ப உள்ளே அனுப்புங்கள். ஒரு கிலோ சுத்தமான இல்மனைட் முழுதாக வினைபுரிந்தால் கிடைப்பது சுமார் 120 கிராம் தண்ணீர். ஒரு டம்ளர்கூட நிறையாது, ஆனால் அங்கே அது பெரிய சொத்து.

ஹைட்ரஜனையும் பூமியிலிருந்து சுமக்க வேண்டுமா? சூரியனிலிருந்து பாயும் துகள்கள், அதாவது சூரியக் காற்று, கோடிக்கணக்கான ஆண்டுகளாக நிலவு மண்ணில் ஹைட்ரஜனைப் பதித்திருக்கிறது. 2020-இல் சாங்-இ 5 என்ற சீன விண்கலம் கொண்டுவந்த நிலவு மண்ணைச் சீன விஞ்ஞானிகள் உருகும்வரை சூடாக்கினார்கள். பதிந்த ஹைட்ரஜன் மண்ணின் ஆக்சிஜனோடு சேர்ந்து, ஒரு கிராம் மண்ணுக்கு 51 முதல் 76 மில்லிகிராம் தண்ணீர் வந்ததாக 2024-இல் அறிவித்தார்கள். எனக்கு இந்த வழிமேல்தான் நம்பிக்கை அதிகம்.

மூச்சுக்கு ஆக்சிஜன் வேண்டுமென்றால் தண்ணீரை மின்னாற்பகுப்பு செய்யுங்கள், அதாவது மின்சாரம் செலுத்திப் பிரியுங்கள். ஹைட்ரஜன் உலைக்கே திரும்பும். அப்புறம், ஒவ்வொரு முறையும் உலை மூடியின் விளிம்பைத் துடையுங்கள். நிலவுத் தூசி கண்ணாடிச் சில்லு போலக் கூரானது. விளிம்பில் ஒட்டினால் வாயு கசியும்.