நெட்வொர்க் கார்டு டிரைவர்: இன்டரப்ட் ஹேண்ட்லரை இளைக்க வைப்பது எப்படி?

ரியல்டெக் 8139 பழைய 100 மெகாபிட் பிசிஐ கார்டு. ஆனாலும் லினக்ஸ் டிரைவர் எழுதிப் பழக அதைவிட எளிய சிப் கிடைப்பது அரிது. அனுப்புவதற்கு நான்கே டிஸ்கிரிப்டர் (பேக்கெட் எங்கே இருக்கிறது என்று கார்டுக்குச் சொல்லும் பதிவு), பெறுவதற்கு ஒரே வட்ட பஃபர். கார்டு கையில் இல்லாதவர்களுக்கு அதைப் போலவே நடிக்கும் க்யூஎமு எமுலேட்டர் இருக்கிறது.

முதன்முதலில் எழுதும் டிரைவரில் எல்லாமே இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள் (கார்டு சிபியுவைக் குறுக்கிட்டுக் கூப்பிடும்போது ஓடும் ஃபங்ஷன்) போய்விடும்: வந்த பேக்கெட்டை எடுப்பது, அனுப்பி முடித்ததை விடுவிப்பது, லிங்க் மாற்றம், பிழைக் கணக்கு, இத்தனைக்கும் மேல் ஒரு ஸ்பின்லாக் (கிடைக்கும்வரை சுற்றிக்கொண்டே காத்திருக்கும் பூட்டு). 64 பைட் ஃபிரேம்கள் முழு வேகத்தில் வந்தால் 100 மெகாபிட்டில் நொடிக்குச் சுமார் 1,48,800 வரும். ஒவ்வொன்றுக்கும் ஓர் இன்டரப்ட் அடித்தால் சிபியுவுக்கு வேறு வேலை ஓடாது. கெர்னலின் நேப்பி இதற்காகவே வந்தது: முதல் இன்டரப்ட்டோடு கார்டின் வாயை அடைத்துவிட்டு, மிச்சத்தை ‘போல்’ (poll) ஃபங்ஷனில் நாமே போய் எடுத்துக்கொள்வது.

ஹேண்ட்லரில் மிஞ்ச வேண்டியது

ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர் (என்ன நடந்தது என்று சொல்வது) 62-ஆம் ஆஃப்செட்டில், மாஸ்க் (எந்த இன்டரப்ட்டை வெளியே விடலாம் என்பது; 0 என்றால் எல்லாம் அடைப்பு) 60-இல். இரண்டும் 16 பிட். முதலில் ஸ்டேட்டஸைப் படியுங்கள். பதினாறு பிட்டும் 1 என்று வந்தால் கார்டு பஸ்ஸிலேயே இல்லை. எதையும் தொடாமல் திரும்பிவிடுங்கள். இல்லாவிட்டால் மாஸ்க்கையும் படித்து இரண்டையும் ஆண்ட் செய்யுங்கள். விடை 0 என்றால் ஐஆர்க்யூ_நன் (நம்முடையது அல்ல) என்று திருப்புங்கள். பிசிஐ லைனை வேறு கார்டுகளும் பகிர்வதால் மாஸ்க்கைப் பார்க்காமல் ஸ்டேட்டஸை மட்டும் நம்பக் கூடாது: நாம் மாஸ்க் போட்டிருக்கும்போது பக்கத்துக் கார்டு அடித்த இன்டரப்ட்டையும் நம்முடையது என்று சொல்லிவிடுவோம். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. நம்முடையதை இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தால், 1,00,000 இன்டரப்ட்டில் 99,900-க்கு மேல் அனாதையாகப் போனதும் கெர்னல் அந்த லைனையே அணைத்துவிடும்.

நம்முடையதுதான் என்றால் நேப்பி_ஷெட்யூல்_ப்ரெப் (போலை ஓடவிடும் உரிமை நமக்குக் கிடைக்குமா என்று கேட்பது). அது உண்மை என்று திருப்பினால் மாஸ்க்கில் 0 எழுதி, அதே ரெஜிஸ்டரை ஒருமுறை படியுங்கள். மெமரி மேப் வழியாக எழுதுவது வழியில் தங்கி நிற்கக்கூடும். திரும்பப் படித்தால்தான் கார்டுக்குப் போய்ச் சேர்ந்தது நிச்சயம். பிறகு இரட்டை அடிக்கோடு போட்ட நேப்பி_ஷெட்யூல் (போலை வரிசையில் போடுவது), கடைசியாக ஐஆர்க்யூ_ஹேண்டில்ட். இதற்கு மேல் ஒரு வரி சேர்ந்தாலும் ஏன் என்று கேளுங்கள்.

போல் ஃபங்ஷன்: வரிசைதான் உயிர்

நுழைந்ததும் ஸ்டேட்டஸைப் படித்து, படித்த மதிப்பை அப்படியே திரும்ப எழுதுங்கள். 1 எழுதினால் அந்த பிட் அழியும். அதன் பிறகே ரிங்கை, அதாவது வட்ட பஃபரை, தொட வேண்டும். ரிங்கைக் காலி செய்துவிட்டு ஸ்டேட்டஸை அழித்தால், இரண்டுக்கும் நடுவில் வந்த பேக்கெட்டின் பிட்டும் சேர்ந்து அழிந்துபோகும். அடுத்த பேக்கெட் வந்து எழுப்பும்வரை அது பஃபரில் தூங்கும். பிங் நேரம் அவ்வப்போது 1000 மில்லிசெகண்டை ஒட்டி வருகிறதென்றால் முதலில் இங்கே பாருங்கள்: ஒரு பதிலை அடுத்த நொடியின் பதில் தள்ளிக்கொண்டு வருகிறது.

முதலில் அழித்தால் அந்த பிட் மாஸ்க்குக்குப் பின்னால் காத்திருக்கும், மாஸ்க் திறந்ததும் லைன் மறுபடி எழும். சில சமயம் வெறும் போல் ஒன்று ஓடும், நஷ்டமில்லை. இது லெவல் இன்டரப்ட்டுக்கான (காரணம் தீரும்வரை லைன் எழுந்தே நிற்பது) கணக்கு. எம்எஸ்ஐ கார்டுகளில் (லைனுக்குப் பதில் செய்தியாக இன்டரப்ட் அனுப்புபவை) சில, மாஸ்க்கில் இருந்தபோது நடந்ததை மறுபடி சொல்லாது. அங்கே மாஸ்க்கைத் திறந்த பின் இன்னொரு முறை பார்த்து, வேலை இருந்தால் நேப்பி_ஷெட்யூலை நீங்களே கூப்பிட வேண்டும்.

அனுப்பி முடித்ததை விடுவித்துவிட்டு, 55-ஆம் ஆஃப்செட்டிலுள்ள கமாண்ட் ரெஜிஸ்டரின் 0-ஆம் பிட் பஃபர் காலி என்று சொல்லும்வரை, அல்லது பட்ஜெட் (ஒரு அழைப்பில் எத்தனை எடுக்கலாம் என்று கெர்னல் தரும் எண்) தீரும்வரை பேக்கெட்டுகளை எடுங்கள். பட்ஜெட் இயல்பாக 64, 6.1 கெர்னலிலிருந்து, நேப்பியைப் பதிவுசெய்யும் நெட்இஃப்_நேப்பி_ஆட் அந்த எண்ணை (வெயிட்) கேட்பதில்லை. பட்ஜெட் 0 என்றும் வரலாம். அப்போது பெறும் பக்கத்தைத் தொடவே கூடாது.

எடுத்தது பட்ஜெட்டைவிடக் குறைவென்றால் மட்டும் நேப்பி_கம்ப்ளீட்_டன் (வேலை முடிந்தது என்று சொல்வது). அது உண்மை என்று திருப்பினால் மட்டும் மாஸ்க்கைத் திறக்க வேண்டும். பலர் அந்தத் திருப்பு மதிப்பைப் பார்ப்பதே இல்லை. பட்ஜெட் முழுதும் தீர்ந்திருந்தால் பட்ஜெட்டையே திருப்புங்கள், கம்ப்ளீட் பக்கமே போகாதீர்கள்.

லாக்

ஒரு நேப்பி ஒரு நேரத்தில் ஒரு சிபியுவில்தான் ஓடும். அதனால் பெறும் பக்கத்துக்கு லாக் வேண்டாம். அனுப்பும் பக்கத்தில் போலுக்கும் ஸ்டார்ட்_எக்ஸ்மிட்டுக்கும் (பேக்கெட்டை அனுப்பக் கெர்னல் கூப்பிடும் ஃபங்ஷன்) இடையில்தான் மோதல். எக்ஸ்மிட்டைக் கெர்னல் ஏற்கெனவே டிஎக்ஸ் லாக்கோடு கூப்பிடுகிறது. விடுவிக்கும்போது போலும் நெட்இஃப்_டிஎக்ஸ்_லாக் எடுத்தால் போதும். ஹேண்ட்லர் எதையும் பகிராததால் ஐஆர்க்யூசேவ் (இன்டரப்ட்டை அணைத்துவிட்டு லாக் எடுப்பது) எல்லாம் போய்விடும். உண்மையான எளிமை இதுதான் என்பேன்.

திறப்பதும் மூடுவதும்

இன்டர்ஃபேஸைத் திறக்கும்போது ரிங், ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ, நேப்பி_எனேபிள், கடைசியில் மாஸ்க். எனேபிளுக்கு முன் மாஸ்க்கைத் திறந்தால் ப்ரெப் பொய் என்றே திருப்பும், யாரும் அடக்காத லைன் ஓயாமல் அடிக்கும். மூடும்போது மாஸ்க்கில் 0, சிங்க்ரனைஸ்_ஐஆர்க்யூ, நேப்பி_டிசேபிள், மாஸ்க்கில் மறுபடி 0 (ஓடிக்கொண்டிருந்த போல் அதைத் திறந்திருக்கலாம்), பிறகு ஃப்ரீ_ஐஆர்க்யூ. டிசேபிளை இரண்டு முறை கூப்பிட்டால் இரண்டாவது அங்கேயே தொங்கிவிடும்.

சோதிக்க ஐபெர்ஃப்3 (நெட்வொர்க் வேகம் அளக்கும் கருவி) ஓடவிட்டு, கெர்னல் தன் நிலையைக் காட்டும் ப்ராக் அடைவில் இன்டரப்ட்ஸ் கோப்பைப் பாருங்கள். சுமை ஏற ஏற இன்டரப்ட் எண்ணிக்கை பேக்கெட் எண்ணிக்கையைவிட நன்றாகப் பின்தங்க வேண்டும். அதே ப்ராக்கில் நெட் அடைவிலுள்ள சாஃப்ட்நெட்_ஸ்டாட் கோப்பின் மூன்றாம் நெடுவரிசை ஏறினால் பதற வேண்டாம்; ஒரு சுற்றுக்கான 300 பேக்கெட் வரம்போ நேர வரம்போ தீர்ந்தது என்று மட்டுமே பொருள்.