சிறிய அளவில் மங்கிய மழைச் சின்னங்களைத் தெளிவாக்கிய விதம்

வானிலைச் செயலி ஒன்றுக்காக வரைந்த சின்னங்களை 24 பிக்சலுக்குச் சுருக்கியதும், லேசான மழையும் கனமழையும் ஒன்றுபோலவே தெரிந்தன. எஸ்விஜி (கோடுகளையும் வடிவங்களையும் எண்களால் விவரிக்கும் பட வடிவம்) கோப்பில் 1 பிக்சல் தடிமனுள்ள கிடைக்கோட்டின் மையம் முழு எண் ஆயத்தொலைவில் அமைந்தால், அது இரு பிக்சல்களில் பாதி பாதியாகப் பரவி, சாதாரணத் திரையில் சாம்பல் பூத்ததுபோல் மங்கிவிடுகிறது; ஆகவே மேகத்தின் அடிக்கோட்டை 0.5 அலகு நகர்த்தி, சாய்ந்த மழைக்கோடுகளின் தடிமனை 2 ஆக உயர்த்தினேன். ஆனால் உண்மையில் பலன் தந்தது உருவ மாற்றமே: லேசான மழைக்கு இரண்டு குறுங்கோடுகள், கனமழைக்கு மேகத்தின் அடி முழுவதும் நான்கு நெடுங்கோடுகள். நிறத்தைப் பிரித்தறிய இயலாதவர்களுக்கும் இது விளங்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். இந்திய வானிலை ஆய்வுத் துறை 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் பெய்வதையே கனமழை என வகைப்படுத்துவதால், அந்த எல்லையிலேயே சின்னம் மாறும்படி அமைத்தேன்.