வீட்டு ஸ்பீக்கரில் பியானோ நிஜம்போல் கேட்கிறதா?

முதலில் ஒலியளவைச் சரிசெய்யுங்கள். கச்சேரி பியானோ சுமார் ஒன்பது அடி நீளம், அறைக்குள் அடித்து வாசித்தால் பக்கத்தில் பேசுபவரின் குரலே அமுங்கிவிடும். அதை நள்ளிரவில் முணுமுணுப்பாக வைத்துக்கொண்டு ‘உயிரே இல்லை’ என்று ஸ்பீக்கரைத் திட்டினால் எப்படி?

அப்புறம், மெதுவான பகுதி ஒன்றில் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். சுத்தியல் கம்பியில் விழும் அந்த முதல் தட்டலும், பிறகு ஒலி மெல்ல மெல்லத் தேய்ந்து அடங்குவதும் தனித்தனியாகக் காதில் விழ வேண்டும். தேயும்போது சுரம் லேசாக ஆடினால், பெரும்பாலும் இசைத்தட்டு சுழலும் வேகத்திலோ பழைய டேப்பிலோதான் கோளாறு. வயலினில் இது விப்ராட்டோவுக்குள், அதாவது வாசிப்பவர் வேண்டுமென்றே சுரத்தை அசைப்பதற்குள், ஒளிந்துகொள்ளும், பியானோ காட்டிக்கொடுத்துவிடும், ஏனென்றால் அடித்த சுரத்தை வாசிப்பவரால் அசைக்க முடியாது.

பேஸுக்காக ரொம்பக் கவலைப்பட வேண்டாம். 88 கட்டைகளில் இடதுகோடிக் கட்டை 27.5 ஹெர்ட்ஸ், ஆனால் நிஜ பியானோவிலேயே அந்த அடிப்படை அதிர்வு பலவீனம்தான். அதோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த அதிர்வுகளான மேல்சுரங்களை வைத்தே காது அதை ஊகித்துக்கொள்கிறது.

பியானோ அறை முழுக்கப் பரந்து கிடப்பதுபோல் கேட்டால் மைக்கைக் கம்பிகளுக்குப் பக்கத்திலேயே வைத்துப் பதிந்திருப்பார்கள், உங்கள் ஸ்பீக்கரைக் குறை சொல்லாதீர்கள்.

சரி, எதைப் போட்டுப் பார்ப்பது? பியானோ கலைஞர் கிளென் கூல்ட் 1981-ல் பதிவுசெய்த, இசையமைப்பாளர் பாஹ்வின் ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’ என்ற படைப்பு. வாசிக்கும்போதே கூடவே முனகுவார் மனிதர். அந்த முனகல் பியானோவோடு கலந்து குழம்பாமல், ஒரு தொண்டையிலிருந்து வருவதாகத் தெரிகிறதா என்று கேளுங்கள்.